ஓசி வக்கீலுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?



வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு நம்ம துறையை விட்டு ரெண்டு அடி வெளியே போறேன். இழை கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

போன வாரம் ஓபியில் பிரஷர் மாத்திரை வாங்க வந்த நாகூர் பெரியவர் ஒருத்தர், கையில் மடிச்சு வச்சிருந்த பேப்பரைக் காட்டிக் கேட்டார்.

"டாக்டர் தம்பி, வெட்டுனவனுக்கும் திருடுனவனுக்கும் கவர்மெண்டே வக்கீல் வச்சுக் குடுக்குதாமே. நம்ம வரிப்பணம்தானே அது? இது என்ன நியாயம்?"

பின்னாடி வரிசையில் அறுபது பேர். பிரஷர் பாத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிட்டேன். பதில் சொல்லலை.

ஆனா கேள்வி மனசுலயே நின்னுடுச்சு. காரணம், சில வருஷம் முன்னாடி இதே கேள்வியைக் கேட்டவன் நான். அதுவும் கோர்ட் வராண்டாவில் நின்னு, கடுப்போட கேட்டவன்.

அந்தக் கதையைச் சொல்றேன். எந்த மருத்துவமனை, எந்த கோர்ட்டுன்னு சொல்லப் போறதில்லை. சம்பந்தப்பட்டவங்க அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

அரசுப் பணிக்கு வந்த புதுசு. கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி. சம்பா நடவு முடிஞ்ச நேரம். வயலுக்கு மடை திறக்கிற தகராறில் ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கிட்டு வந்து சேர்ந்தாங்க.

டெல்டாவில் வேலை பாக்குற டாக்டர்களுக்கு இது புதுசு இல்லை. தண்ணி வந்தாலும் சண்டை, வராட்டியும் சண்டை.

ஒருத்தருக்குப் புறங்கையில் அரிவாள் வெட்டு. எதிர் கோஷ்டிக்காரருக்கு மண்டையில் ஆறு தையல். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து பெட்டில். ரெண்டு பேருக்கும் அதே டிடி ஊசி, அதே தையல் நூல். யார் முதல்ல அடிச்சான்னு நான் கேட்கலை. கேட்கவும் கூடாது. அது என் வேலை இல்லை.

கையில் வெட்டுப்பட்டவருக்கு எக்ஸ்ரே எடுத்தோம். ராத்திரி ரெண்டு மணி. படத்தில் ஒரு விரலடி எலும்பில் கீறல் மாதிரி தெரிஞ்சது. ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில், அதாங்க ஏ.ஆர் புத்தகத்தில், எலும்பு முறிவு, கொடுங்காயம்னு எழுதிட்டு அடுத்த பேஷண்ட்டைப் பாக்கப் போயிட்டேன்.

மறுநாள் எக்ஸ்ரே மருத்துவர் படத்தைப் பாத்து, முறிவு எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் குடுத்திருக்கார். அது கேஸ் ஷீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு. பத்து நாள் கழிச்சு போலீஸ்காரர் காயச் சான்றிதழ் கேட்டு வந்தப்ப, நான் ஏ.ஆர் புத்தகத்தைப் பாத்து அப்படியே எழுதிக் குடுத்தேன். கேஸ் ஷீட்டைத் திறக்கலை.

அந்த ஒத்தை வார்த்தை என்ன பண்ணும் தெரியுமா?

அப்ப இருந்த ஐ.பி.சி படி, ஆயுதத்தால் சாதாரணக் காயம் உண்டாக்குனா பிரிவு 324. அதிகபட்சம் 3 வருஷம். ஆயுதத்தால் கொடுங்காயம்னா பிரிவு 326. 10 வருஷம் வரைக்கும் போகலாம், ஆயுள் தண்டனை கூட குடுக்கலாம். எலும்பு முறிஞ்சா அது சட்டப்படி கொடுங்காயம். 2024 ஜூலை 1க்கு அப்புறம் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிடுச்சு. ஆனா அந்த ஒரு வார்த்தையோட கனம் மாறலை.

கேஸ் விசாரணைக்கு வந்தது. சாட்சி சம்மன் வந்தது. போனேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் அந்த வயலோட சொந்தக்காரர் கூட இல்லை. கூலிக்கு மடை திறக்கப் போன ஆள். ஏழு மாசமா ஜெயிலில் இருக்கார். ஜாமீன் எடுக்க ஆள் இல்லை, வக்கீலுக்குக் காசு இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு வக்கீலைப் போட்டிருந்தது. வெளுத்துப் போன கருப்பு கோட், கையில் ஒரு பழைய பை. என்னை விட வயசு கம்மி.

அரசு வழக்கறிஞர் கேட்டதுக்கு எல்லாம் கடகடன்னு பதில் சொல்லிட்டு, அவ்வளவுதான்னு இறங்கப் போனேன். அந்தப் பையன் எழுந்தார்.

"டாக்டர், எலும்பு முறிவுன்னு எதை வச்சு எழுதுனீங்க?"

எக்ஸ்ரே வச்சு.

"எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா?"

படத்தைப் பாத்தேன்.

"நான் கேட்டது ரிப்போர்ட், டாக்டர்."

கோர்ட் மூலமா வரவழைச்ச கேஸ் ஷீட்டை என் கையில் குடுத்து, நாலாவது பக்கத்தைப் படிக்கச் சொன்னார். படிச்சேன். முறிவு இல்லை.

ஏசி இல்லாத ஹாலில் எனக்கு மட்டும் குளிர்ந்தது.

வெளியே வந்ததும் கூட வந்த ஊழியர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். "நானும் கவர்மெண்ட் சம்பளம், அவரும் கவர்மெண்ட் காசு. அரசாங்கமே காசு குடுத்து அரசாங்க டாக்டரைக் கூண்டில் ஏத்தி அசிங்கப்படுத்துது. ஓசி வக்கீலுக்கு எதுக்குங்க நம்ம வரிப்பணம்?"

திரும்பி வர்ற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தப்பதான் உறைச்சது.

அவர் என்னை அசிங்கப்படுத்தலை. நான் பண்ணுன தப்பை, நான் திருத்தாம விட்ட தப்பை, எனக்குப் பதிலா அவர் திருத்தினார். அவர் இல்லைன்னா என் ராத்திரி ரெண்டு மணி தூக்கத்துக்கு ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் உள்ளே இருந்திருப்பான். அது எனக்குத் தெரிஞ்சுகூட இருக்காது.

பின்னாடி விசாரிச்சேன். 324ல் தண்டனை குடுத்து, உள்ளே இருந்த நாட்களையே தண்டனைக் காலமா எடுத்துக்கிட்டு விட்டுட்டாங்களாம். கவனிங்க, அவர் விடுதலை ஆகலை. வெட்டுனது நிஜம், அதுக்குத் தண்டனையும் நிஜம். செய்யாத அளவுக்கான தண்டனை மட்டும் கிடைக்கலை.

சரி, இப்ப பெரியவர் கேள்விக்கு வருவோம். வெட்டுனவனுக்கு எதுக்கு வக்கீல்?

ஒரு கிரிமினல் கோர்ட்டைக் கண்ணு முன்னாடி கொண்டு வாங்க. நீதிபதிக்கு அரசு சம்பளம். புலனாய்வு பண்ணுன போலீசுக்கு அரசு சம்பளம். காயம்பட்டவர் சார்பில் வாதாடுற அரசு வழக்கறிஞருக்கு அரசு பணம். சாட்சி சொன்ன எனக்கு அரசு சம்பளம். தடயவியல் லேபுக்கும் அரசு பணம்.

அத்தனை நாற்காலிக்கும் வரிப்பணம் குடுத்துட்டு, எதிர்ப்பக்கத்து ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் காசு இருந்தா உட்காரு, இல்லைன்னா காலியா விடுன்னு சொன்னா, அதை விசாரணைன்னு சொல்ல முடியுமா?

அவன் குற்றவாளியா இல்லையான்னு கண்டுபிடிக்கத்தானே கோர்ட்டே இருக்கு. கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே குற்றவாளிக்கு எதுக்கு வக்கீல்னு கேட்கிறது, டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடியே ரிசல்ட் எழுதுற மாதிரி. நான் எக்ஸ்ரே ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே முறிவுன்னு எழுதுன மாதிரி.

இது யாரோ இரக்கப்பட்டுப் போடுற தர்மம் இல்லை. அரசியல் சட்டத்தில் 1976ல் 42வது திருத்தம் மூலமா 39ஏ சேர்த்தாங்க. பணம் இல்லைங்கிற காரணத்துக்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். 1979ல் பீகார் சிறைகள் பத்தின ஹுசைனாரா காத்தூன் வழக்கு. செஞ்சதா சொல்லப்பட்ட குற்றத்துக்கு உண்டான அதிகபட்ச தண்டனையை விட அதிக நாள் விசாரணைக் கைதியா கிடந்தவங்க அதில் இருந்தாங்க. இலவச சட்ட உதவி, உயிர் வாழும் உரிமையைச் சொல்ற 21வது பிரிவோட ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 1987ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்ப சொல்லப் போறதுதான் டாக்டரான என்னை உலுக்குன விஷயம்.

1981ல் பாகல்பூர் வழக்கு. பீகாரில் விசாரணைக் கைதிகளோட கண்ணைப் போலீசே குருடாக்குன கொடூரம். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், நிதி இல்லைன்னு சொல்லி ஏழைக்கு வக்கீல் குடுக்கிற கடமையிலிருந்து அரசு தப்பிக்க முடியாதுன்னு சொன்னது.

15 வருஷம் கழிச்சு, 1996. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, பெட் இல்லை, வசதி இல்லைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணா பல அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்புன வழக்கு. அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுத்தா அது உயிர் வாழும் உரிமையை மீறுறதுன்னு தீர்ப்பு வந்தது. நிதி இல்லைன்னு சாக்கு சொல்லக் கூடாதுங்கிறதுக்கு அந்தத் தீர்ப்பு எதை ஆதாரமா எடுத்தது தெரியுமா? பாகல்பூர் வழக்கில் இலவச வக்கீலுக்குச் சொன்ன அதே வரிகளை. வக்கீலுக்கே இது பொருந்தும்னா உயிர் காக்கும் மருத்துவத்துக்கு இன்னும் அதிகமா பொருந்தும்னு.

அதாவது, ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க ஜிஎச் வாசலில் வந்து நின்னா உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்கிற உரிமை, ஜெயிலில் கிடந்தவனுக்கு வக்கீல் கேட்ட வழக்கோட தோளில் ஏறித்தான் வந்திருக்கு. ஓசி வக்கீலும் ஓசி டாக்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

சரி, நியாயம் புரியுது. செலவு?

2025 இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் கணக்குப்படி நம்ம நாட்டில் சட்ட உதவிக்கு ஆகிற செலவு, ஆளுக்கு வருஷத்துக்கு ஆறு ரூபாய் சொச்சம். நாகூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கக்கூட பத்தாது.

இந்தச் செலவைப் பண்ணாம விட்டா காசு மிச்சமாகும்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் கணக்கு தப்புது. 2022 சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருக்கிறவங்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் தண்டனை பெற்றவங்க இல்லை, விசாரணைக் கைதிகள். ஒவ்வொருத்தருக்கும் சாப்பாடு, காவல், மருத்துவம், கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக எஸ்கார்ட். எல்லாம் அதே வரிப்பணம். அந்தக் கூலிக்காரருக்கு முதல் நாளே வக்கீல் கிடைச்சு ஜாமீன் கிடைச்சிருந்தா, ஏழு மாசச் செலவு அரசுக்கு மிச்சம். அவர் வீட்டில் அடகுக்குப் போன தோடும் மிச்சம்.

சுகர் மாத்திரைக்குக் காசு பாத்துட்டு அப்புறம் டயாலிசிஸுக்கு ஓடுற கதைதான் இது.

இங்கிலாந்தைப் பாருங்க. 1948ல் எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே, 1949ல், சட்ட உதவிச் சட்டம். 2012ல் சிக்கனம்னு சொல்லி குடும்ப வழக்கு, வீட்டு வாடகைப் பிரச்சினை மாதிரி பலதுக்கு சட்ட உதவியை வெட்டுனாங்க. நடந்தது என்ன? வக்கீல் இல்லாம தனக்குத் தானே வாதாட வர்றவங்க குடும்ப கோர்ட்டுகளில் கூடிட்டாங்க.

இனி குறைகளையும் பேசுவோம். பேசாம விட்டா நேர்மை இல்லை.

குறை ஒண்ணு: தரம். "ஓசி வக்கீல் வாய்தாவுக்கே வர மாட்டார்" - இது முழுப் பொய் இல்லை. குடுக்கிற ஃபீஸ் குறைவு. சிலர் ஏனோதானோன்னு நடத்துறாங்க. ஆனா ஜிஎச் பத்தியும் மக்கள் இதையேதானே சொல்றாங்க? அதுக்காக ஜிஎச்சை மூடவா சொல்றோம்? டாக்டர் போடு, மருந்து குடுன்னுதானே கேட்கிறோம். 2022ல் நால்சா முழுநேர சட்ட உதவி வழக்கறிஞர் முறையைக் கொண்டு வந்திருக்கு. தனி பிராக்டீஸ் இல்லாம கிரிமினல் கேஸை மட்டுமே பாக்குற வக்கீல்கள். இதைத்தான் பலப்படுத்தணும்.

குறை ரெண்டு: யாருக்குக் கிடைக்குது? எஸ்.சி, எஸ்.டி மக்கள், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருக்கிறவங்க, தொழிலாளர்கள், வெள்ளம் மாதிரி பேரிடரில் பாதிக்கப்பட்டவங்க. இவங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சுனாமியும் கஜாவும் பாத்த நம்ம ஊருக்கு அந்தக் கடைசி வகையோட அருமை தெரியும். மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு, தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 3 லட்சம். அப்ப மாசம் 26 ஆயிரம் வாங்குற ஆட்டோக்காரர் வரம்புக்கு வெளியே. பணக்கார வீட்டுப் பெண் உள்ளே. இது நியாயமான்னு கேட்டா, ஆட்டோக்காரர் விஷயத்தில் நிச்சயமா இல்லை. வரம்பை உயர்த்தணும்.

ஆனா பெண்கள் விஷயத்தில் என் கருத்து வேற. அதுக்குக் காரணம் ஒரு அக்கா.

முழங்கைக்குக் கீழே, சுண்டு விரல் பக்கத்து எலும்பு முறிஞ்சு வந்தாங்க. கிணத்தடியில் வழுக்கி விழுந்துட்டேன்னாங்க. விழுந்தா கையை ஊணுவோம், மணிக்கட்டு முறியும். இந்த எலும்பு தனியா முறிஞ்சிருந்தா, தலையில் விழுற கட்டையைக் கையைத் தூக்கித் தடுத்திருக்காங்களோன்னு முதல் சந்தேகம் வரணும். எனக்கு வந்தது. தனியா கேட்டேன்.

"கேஸு போட்டா நடத்துறது யாரு டாக்டரு? வக்கீலுக்குக் குடுக்க நான் எங்க போவேன்?"

அவங்க வீட்டுக்கு எட்டு மா நிலம் இருக்கு. மாடி வீடு. அவங்க கையில் பஸ்ஸுக்கு மேல காசு இல்லை. வருமானச் சான்றிதழ் கேட்டா தாசில்தார் ஆபீஸ் அவங்களைப் பணக்காரின்னுதான் எழுதும்.

அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. மாவுக்கட்டு போட்டு, கால்சியம் மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். வக்கீல் இலவசமா கிடைப்பார்னு ஒரு வரி சொல்ல எனக்குத் தெரியலை. அடுத்த தடவை அவங்க வந்தது ஒன்றரை வருஷம் கழிச்சு. இந்த முறை தாடை.

அதுக்குள்ள நான் அந்தக் கூண்டில் ஏறி இறங்கியிருந்தேன். வார்டிலிருந்தே 15100க்கு அடிச்சேன். வக்கீல் கிடைச்சார். ஜீவனாம்ச உத்தரவும் வந்தது. உடனே இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பவும் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை பாக்கி வைக்கிறாராம். ஆனா அவங்க அந்த வீட்டில் இல்லை. கை காலோட இருக்காங்க.

நடுவில் போன அந்த ஒன்றரை வருஷம் என் கணக்கில்தான் எழுதணும்.

இன்னொண்ணு. நம்ம நாகூர் தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க. நோய் தீரணும்னு, மனசு தெளியணும்னு வேண்டிக்கிட்டு வர்றவங்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டி வச்சிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் உயிரை விட்டதை நாம மறந்திருக்க மாட்டோம். ஓட முடியலை, கேட்க ஆளும் இல்லை. இன்னைக்கு 2017 மனநல மருத்துவச் சட்டம், பிரிவு 27, அவங்களுக்கு இலவச வக்கீல் உரிமை குடுத்திருக்கு. அதை அவங்ககிட்ட எடுத்துச் சொல்றது போலீசுக்கும், மாஜிஸ்திரேட்டுக்கும், மனநல நிலையத்தோட பொறுப்பு மருத்துவருக்கும் கடமை. கருணை இல்லை, கடமை. என் சக மருத்துவர்களே, இதை ஒருமுறை படிச்சிடுங்க.

இப்ப எல்லாருக்கும் பயன்படுற பகுதி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

1. இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு 181.

2. நேரில் போகணும்னா, ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு. நாகூர்க்காரங்க நாகப்பட்டினம் போனா போதும். எழுதத் தெரியலைன்னா வாயால சொன்னா அவங்களே எழுதிக்குவாங்க.

3. கோர்ட் ஃபீஸ், டைப்பிங், நகல் செலவு எல்லாம் உதவிக்குள்ள அடக்கம். அந்த வக்கீல் உங்ககிட்ட தனியா காசு கேட்கக் கூடாது. கேட்டா ஆணைக்குழுவிலேயே புகார் குடுங்க.

4. கைதாகி மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துனா முதல் நாளே வக்கீல் கேட்கலாம். உங்ககிட்ட வசதி இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டாங்க.

5. விபத்து இழப்பீடு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். பிணவறை வாசலில் புரோக்கர் வந்து, நஷ்டஈடு வாங்கித் தர்றேன், வர்றதில் பங்கு குடுங்கன்னு பேப்பரை நீட்டுவார். அழுதுகிட்டே கையெழுத்துப் போடாதீங்க. எதிலும் அன்னைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. பத்து நாள் கழிச்சு மேலே சொன்ன இடத்துக்குப் போங்க.

6. மக்கள் நீதிமன்றத்துக்கு வருமான வரம்பு கிடையாது. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா ஒரே நாளில் முடியும். கட்டுன கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ஆனா அந்த முடிவுக்கு அப்பீல் கிடையாது. அதனால யோசிச்சு ஒத்துக்கங்க.

கடைசியா ஒண்ணு.

நேத்து அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். பிரஷர் குறைஞ்சிருந்தது. இங்க எழுதுனதைச் சுருக்கி அவர்கிட்ட சொன்னேன். அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட் கதையையும் மறைக்காம சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தார். ஒத்துக்கிட்டதா எதுவும் சொல்லலை. வெட்டுனவன் வெட்டுனவன்தானே தம்பின்னார். மாத்திரையை வாங்கிக்கிட்டு எழுந்தார்.

கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. மவுத்தான மாப்பிள்ளை வீட்டுல அவளுக்கு வரவேண்டிய பங்கைத் தர மாட்டேங்கிறாங்க. அவளுக்கும் அந்த ஓசி வக்கீல் வருவாரா?"

சீட்டுக்குப் பின்னாடி 15100ன்னு பெருசா எழுதிக் குடுத்தேன்.

உங்க தெருவில் ஒருத்தருக்காவது இந்த நம்பரைச் சொல்லுங்க.

நாகூரிலிருந்து,
உங்கள் அரசு மருத்துவர்